கிள்ளானில் ஒன்பது தட்டு

நான் மலேசியாவுக்கு ஊர் சுற்றப் போகவில்லை. பேசக் கூப்பிட்டார்கள், போனேன். எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலையில் தீப்பிடித்து என் மகள் போன பிறகு, அதே மாதிரி பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போய் உட்காருவது எனக்கு வேலையாகிவிட்டது. ஆலைக்காரன் முன்னாலும் அதிகாரி முன்னாலும் நான் கத்துவதை யாரோ கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அது கடல் தாண்டிப் போயிருக்கிறது.

கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கிருந்து பேக்டரிக்குப் பெண்களை ஏற்றிப்போன பஸ் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்து எட்டுப் பெண்கள் இறந்துபோனார்கள். பிரேக் சரியில்லை என்று அந்தப் பெண்களே இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். ஒரு வருஷம் ஓடிவிட்டது. விசாரணை இன்னும் நடக்கிறது. அந்த ஜனங்கள் தேறி எழுந்திருக்க நான் வந்து பேசினால் நல்லது என்று கோலாலம்பூரில் ஓர் அமைப்பு எழுதிக் கேட்டது. சாத்தூர்ப் பக்கம் இருந்து நான் புறப்பட்ட கதை அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற பகுதியில் தங்க வைத்தார்கள். தெருவில் இறங்கினால் பூக்கடை, பாத்திரக்கடை, முறுக்கு, சேலை, கூண்டுக்கிளியோடு ஜோசியக்காரர். விமானத்தைத் திருப்பி மதுரையில் இறக்கிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. காலையில் ஒரு கடையில் உட்கார்ந்ததும் பரிமாறும் பெண், "பசியாறிட்டீங்களா ஆன்டி?" என்றாள். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுவது. எனக்கு அந்தச் சொல் பிடித்தது. சாம்பார் பிடிக்கவில்லை. இனித்தது. சொன்னேன். "இங்க இப்படித்தான் ஆன்டி, நீங்க ரொட்டி சானாய் சாப்பிடுங்க," என்று தட்டை மாற்றிவிட்டாள். கோபப்படவே இல்லை. எங்கள் ஊர் ஓட்டலில் சாம்பாரைக் குறை சொல்லியிருந்தால் என் மூன்று தலைமுறையையும் இழுத்திருப்பார்கள்.

கூட்டம் ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்தது. பற்கள் தந்தியடிக்கும் குளிர். நாற்காலிக்கெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டு முதுகில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒரு தம்பி திரையில் படம் காட்டி, துக்கத்துக்கு ஐந்து படி உண்டு என்றான். படிக்கட்டு வரைந்து மேல் படியில் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தான். அடுத்து ஒரு பெண் ஆளுக்கொரு பலூன் கொடுத்தாள். அவரவர் துக்கத்தை அதில் எழுதி, ஊதி, எல்லோரும் ஒன்றாக உடைக்க வேண்டுமாம். உடைத்தார்கள். மண்டபம் முழுக்கப் படபடவென்று வெடித்தது. பட்டாசு ஆலையில் பிள்ளையைக் கொடுத்தவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைதட்டினார்கள்.

"அந்த எட்டு வீட்டு ஆட்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்று ஞானா சாரைக் கேட்டேன். அவர்தான் கூட்டத்தை நடத்துபவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம். நல்ல மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"அவையளைக் கூப்பிடேல்லை பேச்சியம்மா. திரும்பவும் மனம் நொந்துபோகும் எண்டு யோசிச்சம்."

மேடைக்குப் போனேன். "துக்கப்பட்டவங்க வெளிய, மத்தவங்கல்லாம் உள்ள. இங்க நான் யாருக்குப் பேச? வாரேன்," என்று சொல்லி இறங்கிவிட்டேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் சாப்பிடவில்லை.

ஞானா சார் என் பின்னாலேயே வாசல்வரை வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு காகிதத்தில் முகவரி எழுதித் தந்தார். "தனம் எண்டு ஒரு ஆள். மகள் ரஞ்சனி அந்த பஸ்ஸில போயிட்டாள். நீங்கள் போங்கோ. நான் வரேல்லை. ஒரு வருசமா நான் அந்த வீட்டுப் படி ஏறேல்லை, இப்ப ஏற வெக்கமா இருக்கு," என்றார். அந்த மண்டபத்தில் அன்று கேட்ட ஒரே உண்மை அதுதான்.

மறுநாள் ரயிலில் கிள்ளானுக்குக் கிளம்பினேன். பெண்களுக்குத் தனிப் பெட்டி. இளஞ்சிவப்பு நிறத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சொகுசாக உட்கார்ந்தேன். சன்னல் வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டு சில நிறுத்தங்கள் போன பிறகு, பெட்டியைப் பெருக்கிக்கொண்டு வந்த தமிழ்ப் பெண், "எங்க போறீங்க அக்கா?" என்றாள்.

"கிள்ளான்."

"ஐயோ, இது செரம்பான் போற டிரேன்லா!"

இங்கே எந்தப் பேச்சின் வாலிலும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது. சாலாக் செலாத்தான் என்ற நிலையத்தில் இறக்கிவிட்டாள். எதிர்ப் பக்க ரயிலுக்கு நேரம் இருந்தது. நிலையத்துக்கு வெளியே ஒரு சீனப் பெரியவர் பொரித்த வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று வாங்கிய மலாய்ப் பெண் அவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பெரியவருக்கு ஓரளவு தமிழ் தெரிந்தது. "அது சொல்லுது, உங்க முகம் அதோட மாமியார் மாதிரி. பயமா இருக்குதாம்," என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன். பழம் சூடாக இருந்தது, வாய் பொத்துப்போனது.

கிள்ளான் குடியிருப்பு ஐந்து மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு ஒருவர், "லிப்ட்டா, இருக்கா?" என்றார். நீளமான நடை, வரிசையாக வீடுகள், எல்லா வீட்டுக்கும் கதவுக்கு முன்னால் இரும்புக் கிரில். தனத்தின் வீடு மூன்றாம் மாடி. கிரில்லில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே சோற்றுப் பொட்டலம். அதே வரிசையில் இன்னொரு கிரில்லிலும் ஒரு பை. நான் ஏறி வந்த இரண்டாம் மாடியிலும் பார்த்திருந்தேன்.

தனத்துக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் முன்பே இறந்துவிட்டார். விடியற்காலையில் கீழே மேசை போட்டு நாசி லெமாக் விற்கிறாள். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரச் சம்பல், வாழை இலையில் மடித்தது. ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, வாசலில் தொங்கிய பையை எடுத்து வந்து அடுப்படி மேடையில் போட்டாள்.

"யார் கொடுத்தது?"

"அஞ்சாம் மாடில பிள்ளைக்குக் காதுகுத்து. பிரியாணி."

"உன்னைக் கூப்பிடலையா?"

"கூப்பிடாம என்ன? 'செரமப்பட வேணாங்க்கா, சாப்பாடு வந்துரும்'னு கூப்பிட்டாங்க."

கதை இதுதான். இறந்தவர் வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்லது கெட்டது கிடையாது, மலைக்கோயிலுக்குப் போகக் கூடாது. எங்கள் ஊரிலும் உண்டு. இங்கே எட்டு வீடு ஒரே நாளில் துக்க வீடாகிவிட்டது. யாராவது பிறந்தநாள் வைத்தால்கூட அந்த எட்டு வீட்டு ஆட்கள் வந்து மனம் உடைந்துபோவார்களே என்று, ஒவ்வொரு விசேஷத்திலும் எட்டுப் பொட்டலம் கட்டி, எட்டு கிரில்லிலும் மாட்டிவிட்டுப் போனார்கள். மலேசியாவில் எதையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். புங்குஸ் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தேநீரைக்கூடப் பையில் கட்டி உறிஞ்சுகிறார்கள். போன மாதம் தலைத்திவசமும் முடிந்துவிட்டது. பொட்டலம் மட்டும் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் முகத்துக்கு நேராக "நீ வராதே" என்பார்கள். சட்டையைப் பிடித்துச் சண்டை போடலாம். இங்கே அன்பாகச் செய்கிறார்கள். கறி நிறைய வைத்து, ரப்பர் வளையம் போட்டு, சத்தம் இல்லாமல் மாட்டிவிட்டுப் போகிறார்கள். இதோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?

மாலையில் தர்ஷினி வந்தாள். அந்த பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிழைத்த பெண். நான்காம் மாடி. இடது காலுக்குள் இரும்புத் தகடு இருக்கிறது, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கீழே இருக்கும் டேவானில், அதாவது குடியிருப்பின் பொது மண்டபத்தில், அவளுக்குப் பரிசம். மாப்பிள்ளை பிரகாஷ் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். ஜெஞ்சாரோம் என்ற ஊர்ப் பையன். பரிசத்தில் இரண்டு வீட்டாரும் தட்டு மாற்ற வேண்டும். பெண் வீட்டுத் தட்டை நம் பெண்கள் ஏந்திக்கொண்டு போவார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கையில் வாங்கிக்கொள்வார்கள். ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்.

"எட்டு வீட்டு ஆளுங்களும், எங்கம்மாவும். ஒம்போது தட்டு. அவங்க தூக்கலைன்னா எனக்குப் பரிசமே வேணாம்," என்றாள் தர்ஷினி. தனத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏன்த்தா?" என்றேன்.

"பஸ்ல போறப்ப எல்லாம் பேசி வெச்சிட்டோங்க்கா. யார் பரிசத்துக்கு யார் எந்தத் தட்டுன்னு. ரஞ்சனி சாக்லேட் தட்டுதான் வேணும்னு அடம். போற வழியில திருடித் திங்கலாம்னு." கொஞ்சம் சிரித்தாள். "டெய்லி இவங்க வாசல் எல்லாம் தாண்டித்தான் நான் இறங்குறேன். ஒருத்தரும் என்னைக் கண்ணுக்குக் கண்ணு பாக்குறதில்ல. நான் மட்டும் ஏன் இருக்கேன்னு இவங்க கேக்குறாங்களா, நானே கேட்டுக்கிறேனான்னு தெரியல. இப்படியே நான் ஜெஞ்சாரோம் போயிட்டா, செத்தாலும் இந்தப் பிளாட்டுக்குத் திரும்பி வரமாட்டேங்க்கா."

தனம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "வேணாம்லா தர்ஷி. என் கை பட்டு, நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள். அந்தப் பெண் மேலே ஏறிப் போகும் காலடிச் சத்தம் ஒவ்வொரு படியாக ரொம்ப நேரம் கேட்டது.

அன்று இரவு தனம் வீட்டிலேயே பாய் போட்டேன். மறுநாள் நான் எல்லோரையும் அங்கே கூட்டினேன். ஏழு அம்மாக்கள், ஓர் அப்பா. அப்பா ராஜு அங்கிள். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாமல் ஒற்றை மகளை வளர்த்தவர். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கத்தினேன். "பிள்ளையைக் கொன்னவன் வெளிய சுத்துறான், நீங்க வீட்டுக்குள்ள கெடந்து பொட்டலம் திங்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்றேன். இன்னும் சொன்னேன். எழுத வேண்டாம்.

ஒரு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி. ராஜு அங்கிள் மட்டும் வாசலில் நின்று சொன்னார்: "நீங்க கத்துறது நல்லாத்தாம்மா இருக்கு, வீடியோவுலயும் பார்த்தேன். ஆனா நாங்க பேக்டரிக்காரன் இல்லையே."

என் வயதுக்கு அப்படி ஒரு சூடு பட்டதில்லை. என் குரல் எதிரிக்குச் செய்து வைத்தது. அதைக் கொண்டுபோய் யார் தலையில் போட்டேன் பாருங்கள்! தனம் அன்று என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. நான் மாடி நடையில் நின்று துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்தேன்.

போகாமல் இருந்ததற்குக் காரணம் ராஜு அங்கிளின் வேன். தர்ஷினியின் அம்மா லெட்சுமி ஜெஞ்சாரோமுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டைப் பேச வேண்டும். வேன் ராஜு அங்கிளுடையது. அங்கே ஒரு தோட்டத்தில் வாழை இலை மலிவு என்று தனமும் ஏறினாள். என்னையும் ஏறச் சொன்னாள். பேச்சு திரும்பிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

வழி முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வரிசை, கண் களைத்துப்போனது. எங்கள் கரிசல் காட்டில் ஒரு வேலிக்கருவை இன்னொன்றைப் போல நிற்காது. வழியில் நிறுத்தி செண்டோல் வாங்கினார்கள். பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சைப் புழு மாதிரி ஏதோ. புழுவை ஒதுக்கி வைத்தேன். தனம், "அதுதாங்க்கா செண்டோலே!" என்று பிடுங்கித் தின்றாள். மீதியைப் பையில் கட்டி வாங்கிக்கொண்டார்கள்.

பிரகாஷ் வீட்டில் முடிவெடுப்பது அவனை வளர்த்த பெரியம்மா. தர்ஷினி என்ன கேட்கிறாள் என்று லெட்சுமி போனிலேயே சொல்லியிருந்தாள். பெரியம்மா கண்டிப்பான பெண், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களை உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்தார். தனம் வேனை விட்டு இறங்கவில்லை. "நல்லது பேசுற எடத்துல நான் எதுக்கு?" என்று உட்கார்ந்துகொண்டாள். புறப்படும்போது பெரியம்மா வாசலுக்கு வந்து, வேன் சன்னலில் கையை விட்டுத் தனத்தின் தோளைத் தொட்டார்.

"சின்னப் பிள்ள ஆசைப்பட்டு ஏதோ சொல்லிருச்சு. நீங்க மனசைப் போட்டுக் கொழப்பிக்க வேணாம்மா. எங்களுக்குப் புரியுது. நீங்க வீட்டுலயே இருங்க. எட்டு வீட்டுக்கும் தனித்தனியா, பேரு எழுதியே சாப்பாடு கட்டி அனுப்பச் சொல்லியிருக்கேன். மட்டன் வேற, கோழி வேற."

தனம் தலையை ஆட்டினாள். வேன் கிளம்பியது.

செம்பனைக்கு நடுவில் புகை வந்தது. ராஜு அங்கிள் ஓரம் கட்டி மூடியைத் திறந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. "காலைலதான் ஊத்துனேன், எங்க குடிச்சுத் தொலைச்சது இது!" என்று வண்டியை உதைத்தார். எங்கள் புட்டிகளும் காலி. "செண்டோல் இருக்கு. ஊத்தலாமா?" என்றார். லெட்சுமி சிரித்தாள். நானும் சிரித்தேன். தனம் சிரிக்கவில்லை. ரோட்டு ஓரத்தில், அந்த மொட்டை வெயிலில் நின்றுகொண்டு திடீரென்று கத்தினாள்.

"பேரு எழுதி அனுப்புவாங்களாமே! பேரு!"

"தனம்," என்றாள் லெட்சுமி.

"நான்தான் வரமாட்டேன்னு சொன்னேன். சொன்னேன்ல? அது என் துக்கம், நான் சொல்லுவேன். இவங்க யாரு எனக்கு லீவு குடுக்க? ஒரு வருசமா லீவு குடுக்குறாங்க எல்லாரும். காதுகுத்துக்கு லீவு. தீபாவளிக்கு லீவு. நான் என்னா செத்தா போயிட்டேன், வாசல்ல படையல் வெக்கிறதுக்கு?"

ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. தனம் அதையும் திட்டினாள். பிறகு ராஜு அங்கிளைத் திட்டினாள், வண்டியைத் திட்டினாள், சும்மா நின்ற என்னையும் பார்த்து, "நீங்க ஏன் பேச்சிக்கா இன்னிக்குக் கத்த மாட்டேங்குறீங்க?" என்றாள்.

"நீதான் கத்துறியே," என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் தண்ணீர் கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை தனம் யார் யார் எந்தெந்தத் தட்டு என்று விரல் மடக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஐந்து மாடியும் அவள்தான் ஏறி இறங்கினாள். நான் பின்னால் போனேன், வாயைத் திறக்கவில்லை. அவளும் நீட்டிப் பேசவில்லை. ஒவ்வொரு கிரில் முன்னாலும் ஒரே பேச்சு: "ஞாயித்துக்கெழம உன் வீட்டுக்கும் பொட்டலம் வரும், உன் பேரு எழுதி. வேணும்னா வீட்டுல இருந்து வாங்கிக்க. வேணாம்னா ஒம்போது மணிக்குச் சேலை கட்டிட்டு வா." அன்று நான் கத்தியதும் செருப்பை மாட்டிக்கொண்டு போன அம்மா, "எந்தச் சேலைடி?" என்று கேட்டாள். ராஜு அங்கிள், "நான் சேலை கட்ட முடியாதே," என்றார். "வேட்டி கட்டிட்டு வாங்க. ஆம்பள தட்டு தூக்குனா ஒண்ணும் ஒடிஞ்சிராது," என்றாள் தனம்.

ஒரு கிரில் மட்டும் திறக்கவில்லை. நான்காம் மாடி பாப்பா அக்கா. எட்டுப் பேரில் கடைசியாகப் பஸ்ஸிலிருந்து எடுத்தது அவள் மகளைத்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் வரலடி தனம். நான் எழுந்து போயிட்டா அது தனியா இருக்கும்," என்றாள். உள்ளே சுவரில் மாலை போட்ட படம் தெரிந்தது. தனம் கம்பிக்குள் கையை விட்டு அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். இறங்கி வந்துவிட்டோம். எல்லோரும் எழுந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட நான் யார்?

சனிக்கிழமை தனம் வீட்டில் தட்டு கட்டினார்கள். வெற்றிலை பாக்கு, பழம், பூ, சேலை, தேங்காய், மஞ்சள் குங்குமம், லட்டு, கேக், சாக்லேட். இங்கே தட்டு என்றால் சும்மா அடுக்கி வைப்பதில்லை. கோபுரம் மாதிரி எழுப்பி, கண்ணாடித்தாள் சுற்றி, நாடா கட்டுகிறார்கள். சாக்லேட் தட்டை யாரும் சொல்லாமலே தனத்தின் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். அவள் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, மென்று முடிக்கும்வரை சுவரைப் பார்த்திருந்தாள். பிறகு, "ஏய், அந்த லட்டு சாயுது பாரு," என்று அதட்டினாள். வேலை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு எட்டுப் பேர் நின்றார்கள். ஆறு அம்மாக்கள், ராஜு அங்கிள், லெட்சுமி. தட்டு ஒன்பது. லெட்சுமி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ராஜு அங்கிள், "பேச்சிம்மா ஊருக்குப் போயிருவாங்க. இது நம்ம தட்டு. எனக்கு ரெண்டு கை இருக்குல்ல?" என்று லட்டை ஒரு கையிலும் பழத்தை ஒரு கையிலும் ஏந்திக்கொண்டார். சரியான பேச்சு. எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் சரியான பேச்சு.

கார் நிறுத்தும் இடத்தைக் கடந்து டேவானுக்குப் போக வேண்டும். பாதி தூரம் போனதும் மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை அறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. எட்டுப் பேருக்கும் கையில் தட்டு, யாரிடமும் குடை இல்லை. திரும்பி ஓடவும் இல்லை. மாடி நடைகளில் ஜனங்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு வருஷத்தில் இந்த ஆட்களை ஒன்றாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது.

முதலில் இறங்கி ஓடி வந்தது ஐந்தாம் மாடிப் பெண். காதுகுத்து வைத்தவள். நைட்டியோடு வந்தாள். குடையைத் தனத்தின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "அக்கா, சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"நீதான் செரமப்பட வேணாம்னியே," என்றாள் தனம், நடையை நிறுத்தாமல்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் குடையை விலக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொரு குடை வந்தது. ஒரு மலாய் அம்மா மேசைவிரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ராஜு அங்கிளின் இரண்டு தட்டுக்கும் மேலே பிடித்தாள். டேவான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது குடைகளும் ஆட்களுமாக ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நான்காம் மாடியில் பாப்பா அக்கா கிரில்லைத் திறந்து வெளியே நடையில் நின்றாள். இறங்கவில்லை. நின்றாள்.

உள்ளே மாப்பிள்ளை வீட்டார் எதிரே வரிசையாக நின்றார்கள். நடுவில் பெரியம்மா, பட்டுச் சேலை. முன்னால் வந்து நின்ற ஆட்களை யார் யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் கை முந்தானையில் இருந்தது, எழவில்லை. அவர் எடுக்காததால் மற்ற பெண்களும் எடுக்கவில்லை. பூசாரி அணையாத விளக்குக்குத் திரியைத் தூண்டினார். பிரகாஷ் பெரியம்மாவைப் பார்த்தான், தர்ஷினியைப் பார்த்தான். பிறகு பெரியம்மா பக்கமிருந்து இரண்டு எட்டு நகர்ந்து தர்ஷினி பக்கத்தில் போய் நின்றான். தர்ஷினி தரையைப் பார்க்கவில்லை. தனத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜு அங்கிள் சாய்ந்த லட்டுத் தட்டை நெஞ்சோடு அணைக்க, கண்ணாடித்தாள் சரசரத்தது.

நான் கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் தனம் ஒரு அடி முன்னால் வைத்து, தட்டைப் பெரியம்மாவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"வாங்கிக்கோங்க லா. கை வலிக்குது."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார்கள். பெரியம்மா தனத்தைப் பார்த்தார். முந்தானையை விட்டார். இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். வாங்கியதும் கை ஒரு சாண் கீழே இறங்கியது.

"ஆமா, கனமாத்தான் இருக்கு," என்றார்.